பல்செட்காரரின் பட்டாளம்

அவரிடம் இருந்த சிப்பாய்களை மொத்தமாக இறக்கிவிட்டால் ஒரு சின்ன தேசத்தையே வளைத்துப் போட்டுவிடலாம். ஆனால் சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையை அவரால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் வாங்கிய மேசை. ஒரு நாள் அதைப் பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். "ரெண்டு நாள்ல கொண்டாந்து போட்டுடறேன்" என்றார். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. வீட்டில் எல்லோரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகினார்கள். எல்லோரும் என்றால் அவரும் மனைவியும்தான்.

தொழில் பல் கட்டுவது. பல் பிடுங்குகிறவர் இல்லை, அவர் வேறு ஆள், கீழ்த்தளத்தில் இருக்கிறவர். அங்கே வாய் திறந்தவர்களின் அச்சு மேலே வரும். இவர் அதில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, மெழுகு பிடித்து, வரிசையாகப் பல்லை நட்டு, ஈறு நிறத்தில் அக்ரிலிக் குழைத்து ஊற்றி, தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்புவார். ஊரில் பாதிப் பேர் சிரிக்கிற சிரிப்பு இவர் கையால் ஆனது. அதனால் எதிரில் யார் வந்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், வாயைத்தான் பார்ப்பார். பெண் பார்க்கப் போன அன்றைக்கே, "மேல் வரிசை நல்லா அமைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்த மனிதர். அந்த ஒரு வார்த்தைக்காக இவரைக் கட்டிக்கொண்டேன் என்பாள் மனைவி. அது பெருமையா புகாரா என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்ததில்லை.

பகலில் பல், சாயங்காலம் படை. விரல் நீளம்கூட இல்லாத சிப்பாய்கள். கடையில் கிடைப்பவன் எப்போதும் வேறு ஏதாவது யுத்தத்துக்காரனாக இருப்பான். இவருக்கு வேண்டியது இருநூறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு ராஜாக்கள் ஒரு பாலத்துக்காக அடித்துக்கொண்ட சண்டை. ஆகவே பல்லுக்கு வைத்திருக்கும் மெல்லிய ரம்பத்தால் கழுத்தை அறுப்பார். ஒருவன் தலையை இன்னொருவன் உடம்பில் வைப்பார். குட்டைக் கோட்டுக்கு மெழுகால் வால் வைப்பார், தொப்பிக்கு ஷேவிங் பிரஷிலிருந்து ஒரு மயிர் பிடுங்கி இறகு வைப்பார். ஒரு சண்டையில் செத்தவனை எழுப்பி இன்னொரு சண்டையில் நிறுத்துவது இவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"இந்தப் பொம்மையெல்லாம் தூசி தட்டட்டுமா?" என்று மனைவி கேட்பாள்.

"பொம்மை இல்ல. மினியேச்சர்."

"சரி, அந்த மினியேச்சர் பொம்மைய தட்டட்டுமா?"

"நீ ஒண்ணும் தட்ட வேணாம். போன தடவை தட்டினப்ப நாலு பேருக்கு கை போச்சு."

"சண்டைன்னா கை போகத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

நிலத்தையும் அவரே படைப்பார். காடு என்பது முறுக்கிய கம்பியும் பாத்திரம் தேய்க்கும் நாரும். காட்டுத் தரை என்பது காய்ந்த டீத்தூள். ஆற்றுக்கு அக்ரிலிக் ஊற்றினார். முதல் தடவை பழக்கதோஷத்தில் ஈறு நிறப் பொடியைக் கலந்துவிட்டார், ஆறு ரோஜா நிறத்தில் ஓடியது. "ரத்த ஆறுன்னு வச்சுக்கலாம்" என்று சமாளித்துப் பார்த்தார், எடுபடவில்லை. மலைகளுக்கு மட்டும் குறையே இல்லை. தூக்கிப்போட வேண்டிய பழைய அச்சுகளை அடுக்கி மேலே மாவு பூசினால் மலை. வடக்குப் பக்கத்து மலைச்சரிவை உற்றுப் பார்த்தால் ஒரு பாங்க் மேனேஜரின் கடைவாய்ப் பல் தெரியும். இவர் பணம் எடுக்கப் போனபோதெல்லாம் அந்த மேனேஜர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். இவருக்கு மட்டும் அந்த மனிதர் மேல் குதிரைப்படை ஏறிப்போவது தெரியும்.

படை என்றால் எதிரி வேண்டாமா? எதிரி இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். தையல்காரர். மிதி மிஷின் மிதித்து மிதித்து முழங்கால் மக்கர் பண்ணியதால் தைப்பதை விட்டவர். இவருக்கு நீலக்கோட்டுப் படை, அவருக்குச் சிவப்புக்கோட்டுப் படை. கோட்டு தைத்த மனிதர் என்பதால் வாய் சும்மா இருக்காது.

"யோவ், உன் ஆளுக்கு அக்குள்ல தையல் எங்கய்யா? இந்தக் கோட்டை போட்டுக்கிட்டு கையை தூக்கினா கிழிஞ்சுடும். எப்படி சுடுவான்?"

"இவ்ளூண்டு ஆளுக்கு அக்குள் தையல் யாருக்குய்யா தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

அந்தத் தையலை வரைய ஒரு மழைக்காலம் ஆனது. வரைந்து முடித்தார். தையல்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப கைய தூக்கலாம்" என்று அனுமதி கொடுத்தார்.

சண்டை ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். ஒரு அணி எவ்வளவு தூரம் நகரலாம் என்பதைத் தையல்காரர் இஞ்ச் டேப்பால் அளப்பார். துப்பாக்கி வெடித்தால் பகடை உருட்டி, செத்தவர்களை எடுக்காமல் எண்ணிக்கையை மட்டும் தாளில் குறித்துக்கொள்வார்கள். நிறையச் செத்த அணி பயந்து ஓடுமா நிற்குமா என்பதற்கும் ஒரு பகடை. குறைந்த எண் விழுந்தால் அந்த அணியைக் கையால் எடுத்துப் பின்னால் வைக்க வேண்டும். ஒரு முறை தையல்காரர், "என் குதிரை மலைக்குப் பின்னாடி இருக்கிறதா நெனச்சுட்டிருந்தேன்" என்று சொல்லப்போக, நான்கு ஞாயிற்றுக்கிழமை பேச்சுவார்த்தை நின்றது. அதற்குப் பிறகுதான் பல்செட்காரர் ஒரு சட்டம் போட்டார்: மேசை மேல் எது எங்கே நிற்கிறதோ அதுதான் நிஜம். மனசில் நினைத்ததெல்லாம் கணக்கில்லை. சட்டம் போட்டவர் இவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியவரும் இவர்தான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது தையல்காரரின் மகள் வந்து நின்றாள். வேறு ஊரில் வேலை, வீடு, எல்லாம். அம்மா இல்லாத வீட்டில் அப்பா தனியாக இருப்பது அவளுக்குச் சரிப்படவில்லை. "என்னோட வந்துடுங்கப்பா. அடுத்த வாரம் வீட்டை காலி பண்ணிடலாம்" என்றாள். நல்ல பெண். தப்பாக ஒன்றும் சொல்லிவிட முடியாது. தையல்காரரும் தலையாட்டினார்.

அன்றைக்குச் சாயங்காலம் நண்பர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"கடைசியா ஒரு சண்டை. பாலத்துச் சண்டை. ரெண்டு பக்கமும் மொத்தப் படையும் இறங்கணும். ஜெயிக்கிறவனுக்கு ரெண்டு படையும்."

"என்னய்யா சொல்ற?"

"நீலம் மட்டும் வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ? சிவப்பு மட்டும் வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? எதிரி இல்லாத படை அலமாரில நிக்கத்தான் லாயக்கு. ஒரே இடத்துல இருக்கட்டும்."

பல்செட்காரருக்கு இரண்டு மனசு. ஒரு பக்கம் தன் படை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். இன்னொரு பக்கம், மறைப்பானேன், சிவப்புக்கோட்டுப் படையின் மேல் அவருக்கு வெகு நாளாக ஒரு கண். கை கொடுத்துவிட்டார்.

அடுக்களையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவிக்கு வாயெல்லாம் பல். அவள் கணக்கு வேறு. பகலெல்லாம் பல் தேய்க்கும் மனிதர் ராத்திரி தூக்கத்திலும் சொந்தப் பல்லை நறநறவென்று தேய்ப்பார். கதவு உள்ள ஒரு தனி அறையில் காதை மூடாமல் தூங்க வேண்டும் என்பது அவளுக்கு வாழ்நாள் ஆசை. வீட்டில் இருந்த ஒரே உபரி அறையில் இரண்டு ராஜாக்கள் குடியிருந்தார்கள். புருஷன் தோற்றால் அறை அவளுக்கு. அந்த நிமிஷமே கட்சி மாறிவிட்டாள். தையல்காரருக்கு டீ கொண்டு வந்து வைத்தபோது மெல்லக் குனிந்து, "அண்ணே, அவரு பாலத்துக்கு இந்தப் பக்கம் பீரங்கிய ஒளிச்சு வச்சிருக்காரு" என்று காட்டிக்கொடுத்தாள்.

தையல்காரர் சிரித்துக்கொண்டே, "தங்கச்சி, அது எனக்கு ரொம்ப நாளா தெரியும். அவன் எப்பவும் அங்கதான் ஒளிச்சு வைப்பான்" என்றார்.

பல்செட்காரருக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. உரோமத் தொப்பி அணி என்று ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொருவனையும் தனித்தனியாக அறுத்து, ஒட்டி, தொப்பியின் மயிரை ஊசிமுனையால் கீறிச் செய்தது. அவர் வேலையிலேயே உச்சம் அதுதான். அதுவரை மேசைமேல் நிறுத்தியதே இல்லை, சாயம் உரிந்துவிடும் என்று பயம். இந்தச் சண்டைக்கு அவர்களை நடுமலை மேல் நிறுத்துவது என்று முடிவு செய்தார். மலை போனால் பாலம் போச்சு, பாலம் போனால் சண்டை போச்சு. சண்டைக்கு முதல்நாள் மழை நசநசவென்று தூறிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்துச் சண்டையும் மழையில் நடந்ததுதான். ஆகவே சிப்பாய்களின் காலடியில் ஈரச்சேறு தெரிய வேண்டும் என்று தோன்றியது. பல்லுக்கு ஊற்றும் நிறமில்லாத அக்ரிலிக்கைக் குழைத்து ஒவ்வொருவன் காலடியிலும் பூசினார். மலை உச்சியிலும் அதையே பூசினார். என்ன அழகு! அப்படியே தூக்கி மலையில் நிறுத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போனார்.

வேறு யார் செய்தாலும் மன்னிக்கலாம். ஈறோடு பல் எப்படி ஒட்டுகிறது என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்த மனிதர்! பசை மாதிரிக் காய்கிற சரக்கு இல்லை அது, இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிற சரக்கு. "நான் ஒட்டினா ஒட்டினதுதான், ஆயுசுக்கும் வராது" என்று ஊரெல்லாம் சொல்லிப் பேர் வாங்கியது அதைக் கொண்டுதான்.

ஞாயிறு காலை. தையல்காரர் தன் படையைத் தட்டு தட்டாக எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே மகள். சண்டை முடிந்த கையோடு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் மூட்டை கட்ட வேண்டும் என்று அவசரம். ஆண்கள் இரண்டு பேரும் பின்னறையில் படையை நிறுத்த, பெண்கள் இரண்டு பேரும் அடுக்களையில் உட்கார்ந்தார்கள்.

"அத்தை, எப்படியாவது மாமா ஜெயிச்சுடணும்" என்றாள் மகள்.

மனைவி தம்ளரைக் கீழே வைத்தாள். "ஏண்டி அப்படி சொல்ற?"

"அப்பா ஜெயிச்சா இத்தனையையும் கொண்டாந்து என் வீட்ல வைக்கணும்பாரு. அங்க ஒரு கட்டில் போடத்தான் இடம் இருக்கு. மாமா ஜெயிச்சா கையை வீசிக்கிட்டு வந்துடுவாரு."

"அடிப்பாவி. உங்கப்பா ஜெயிக்கணும்னு நான் காலைலேர்ந்து சாமிய கும்பிட்டுட்டிருக்கேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு அடுக்களையிலும் சண்டை மூண்டுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். யார் டீயில் யாருக்குச் சர்க்கரை குறைந்தது என்பதெல்லாம் வேண்டாம்.

பின்னறையில் பல்செட்காரருக்கு எடுத்தது எல்லாம் வெற்றி. உருட்டிய பகடை எல்லாம் ஆறு. சிவப்புக்கோட்டுக்காரர்கள் ஆற்றிலேயே பாதி விழுந்தார்கள். தையல்காரர் மூன்று தரம் மலையேறிப் பார்த்தார், உரோமத் தொப்பிகள் அசையவில்லை. பல்செட்காரர் மனசுக்குள் இரண்டு படையையும் அடுக்க அலமாரியே பார்த்துவிட்டார்.

மகள் வாசற்படியில் வந்து நின்றாள். மேசையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அப்பா, முடிஞ்சுடுச்சா? பெட்டிய கட்டலாமா?"

"இன்னும் முடியலம்மா." தையல்காரர் இஞ்ச் டேப்பைச் சுற்றிக்கொண்டே பேசினார். "ஒருவேளை நான் ஜெயிச்சுட்டேன்னா?"

"ஜெயிச்சா இதையெல்லாம் எங்கப்பா வைக்கிறது?"

"அதான்ம்மா நானும் பாக்குறேன். வாக்கு குடுத்தாச்சு, ரெண்டு படையையும் வச்சுக்கணும். உன் வீட்ல இடமில்ல. இங்க நம்ம வீட்ல இடம் இருக்கு. விட்டுட்டு வரவும் முடியாது." ரொம்ப சாதுவாகச் சொன்னார். "நான் என்ன பண்றது, இருந்துதான் ஆகணும்."

மகளுக்கு அது விளையாட்டுப் பேச்சாகப் பட்டது, சிரித்துவிட்டு உள்ளே போனாள். பல்செட்காரருக்குத்தான் கையில் இருந்த பகடை கனத்தது. மனுஷன் ஊரைவிட்டுப் போகாமல் இருக்க ஒரு சாக்கு தேடியிருக்கிறான். மகளிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வராமல், இத்தனை ஆயிரம் பேரைச் சாக்காக நிறுத்தி, ஆற்றில் தள்ளி, அடிவாங்கிக்கொண்டிருக்கிறான். இவரோ ஆறு ஆறாக உருட்டி அவனை வண்டி ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

ஜெயித்தால் இரண்டு படை, எதிரி இல்லை. தோற்றால் ஒரு படையும் இல்லை, இரண்டு தெரு தள்ளி எதிரி இருப்பான். இதைக் கணக்குப் போடப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம்.

தோற்றுவிடுவது என்று முடிவு செய்தார். தோற்பது லேசு என்று நினைத்தார் பாவம். ஒளித்து வைத்த பீரங்கியைத் திறந்த வெளியில் கொண்டுவந்து நிறுத்தினார். குதிரைப்படையைச் சதுப்பில் இறக்கினார். தையல்காரர் நெற்றியைச் சுருக்கினார். "யோவ், உடம்பு சரியில்லயா?"

"நீ உருட்டு."

மளமளவென்று நீலக்கோட்டுகள் சரிந்தன. கடைசியில் மலை மட்டும் மிச்சம். சிவப்புப் படை நான்காம் தரம் ஏறியது, உரோமத் தொப்பிகளில் பாதி செத்தது, ஓடுவதா நிற்பதா என்று பல்செட்காரர் பகடை உருட்டினார். விழுந்தது ஒன்று.

"ஓடிட்டாங்க. எடுத்து பின்னாடி வை" என்றார் தையல்காரர்.

பல்செட்காரர் சந்தோஷமாகக் கையை நீட்டி முதல் சிப்பாயைத் தூக்கினார். சிப்பாய் வந்தான். கூடவே அடுத்தவன் வந்தான். கூடவே அணி மொத்தமும், மலையும், மலையடிவார மரங்களும் வந்தன. பாங்க் மேனேஜரின் மலை மட்டும் தனி மலை என்பதால் தப்பித்தது.

இருவரும் அந்தரத்தில் நிற்கும் மலையைப் பார்த்தார்கள்.

"ஒட்டிக்கிச்சா?"

"ஒட்டிக்கிச்சு."

"எதால ஒட்டின?"

"பல்லுக்கு ஊத்துறது."

தையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மெல்ல வாடியது. நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப நீ ஜெயிச்சுட்ட."

"எப்படி? ஒண்ணுல்ல விழுந்துச்சு? ஓடிட்டாங்கய்யா!"

"எங்க ஓடினாங்க? மலை மேலதான நிக்கிறாங்க. மேசை மேல எது எங்க நிக்குதோ அதான் நிஜம். சட்டம் நீ போட்டது."

"அது குதிரைக்காக போட்ட சட்டம்!"

"சட்டம்னா எல்லாருக்கும்தான். ஏமாத்தி ஜெயிக்க எனக்கு பிடிக்காது." பிடிவாதக்காரர். ஊரைவிட்டுப் போவதாக இருந்தாலும் சட்டத்தைவிட்டுப் போகமாட்டார். டேப்பைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு இரண்டு பெண்களும் வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் மகள் கைதட்டினாள், மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லா ஒட்டினீங்க போங்க! இனிமே அந்த சிவப்பு கோட்டுக்கும் நான்தான் தூசி தட்டணுமா?"

பல்செட்காரர் மலையைக் கீழே வைத்தார். மூலையில் இருந்த பெட்டியைத் திறந்து மெல்லிய ரம்பத்தை எடுத்தார். மலையை மடியில் வைத்துக்கொண்டார். உரோமத் தொப்பி அணியின் முதல் சிப்பாயின் கணுக்காலில் ரம்பத்தை வைத்தார்.

"யோவ், யோவ்! என்ன பண்ற?" தையல்காரர் எழுந்தேவிட்டார், முழங்கால் வலி மறந்து.

"ஓடவைக்கிறேன்."

கீறிக் கீறிக் கீறி ஒவ்வொருவனாக அறுத்தார். பூட்ஸ் எல்லாம் மலையிலேயே தங்கிவிட்டன. உரோமத் தொப்பிகள் காலில்லாமல் அவர் உள்ளங்கையில் கிடந்தார்கள். அறுக்கும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த சத்தம் மனைவிக்கு மட்டும் நன்றாகக் கேட்டது. கடைசி ஆளையும் அறுத்து, மலையை அதன் இடத்தில் திரும்ப வைத்து, எல்லோரையும் மேசையின் பின்விளிம்பில் படுக்க வைத்தார்.

"பாரு. மேசை மேல பின்னாடிதான் இருக்காங்க. ஓடியாச்சு."

"காலில்லாம எப்படிய்யா ஓடுவான்?"

"பயந்தவன் எப்படியும் ஓடுவான். உனக்கு சட்டம் வேணுமா, கால் வேணுமா?"

தையல்காரர் பூதக்கண்ணாடியை எடுத்தார். அறுபட்ட கணுக்கால்களை வெகு நேரம் பார்த்தார். பிறகு நண்பரின் முகத்தைப் பார்த்தார். அதைப் பார்க்கப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. டேப்பை மறுபடி வெளியே எடுத்து, தன் சிவப்பு அணிகளில் ஒன்றை மலையடிவாரத்திலிருந்து ஒழுங்காக அளந்து, உச்சியில், அந்தக் காலி பூட்ஸுகளுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"மலை என்னுது" என்றார்.

மகள் மூன்று நாள் தங்கிப் பேசிப்பார்த்தாள். அப்பா ஒவ்வொரு தடவையும் படையைக் காட்டினார். காலில்லாதவர்களைக் காட்டினார். "இவங்கள நடக்க வைக்காம எப்படிம்மா வர்றது?" என்றார். அவள் கோபித்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு ஒரு ஏற்பாடும் முழங்காலுக்கு ஒரு டாக்டரும் பார்த்துவைத்துவிட்டுத்தான் போனாள். நல்ல பெண் என்று முன்னாலேயே சொல்லியாயிற்று.

பின்னறை காலியானது. மேசையும் படையோடு எதிரி வீட்டுக்குப் போய்விட்டது, அதைப் பற்றி ஒப்பந்தத்தில் யாரும் பேசவில்லை. மனைவி அறையைக் கழுவி, மெத்தை போட்டு, கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்தாள். புருஷன் இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் நேராகத் தையல்காரர் வீட்டுக்குப் போகிறார், தோற்றவன் என்பதால் அங்கே வாசல் பக்கத்து ஸ்டூல்தான் அவருக்கு. புதுக்கால் செய்துகொண்டிருக்கிறார். பூட்ஸில் தையல் சரியில்லை என்று தையல்காரர் திருப்பித் திருப்பிக் கொடுக்கிறார்.

ஒரு மாதம் கழித்து மகள் போன் செய்தாள். "அத்தை, உண்மைய சொல்லுங்க. மாமா வேணும்னேதான தோத்தாரு?"

"போடி இவளே. வேணும்னு தோக்கத் தெரிஞ்ச மனுஷனா இருந்தா இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு தடவையாவது தோத்திருப்பாரே" என்றாள் மனைவி. போனை வைத்துவிட்டு, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பட்டப்பகலில் நன்றாகத் தூங்கினாள்.